மெய்நிகர் அமர்வுக்குப் போஸ்டரும் மூன்று நிமிடக் காணொளியும்: தேய்ந்த கல்வெட்டைத் திரையில் காட்டுவது எப்படி?

கேள்வி
எழுதியவர்: அல்சூர் ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். நகரைச் சுற்றியுள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் தேய்ந்துபோன வரிகளைப் படிப்பது என் வேலை. கேமராவை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் திசை மாற்றி மாற்றி நாற்பது ஐம்பது படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் இணைத்துவிட்டால், பிறகு வீட்டில் உட்கார்ந்தபடியே வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பிக் கல்லைப் பார்க்கலாம். 2001இல் ஹெச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த உத்தி இது. இதன் ஆங்கிலச் சுருக்கம் ஆர்.டி.ஐ. என்பதால், தகவல் அறியும் உரிமை மனு போடுகிறேன் என்றே உறவினர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலுக்குப் போனவர்கள் அங்குள்ள தமிழ் எழுத்துகளைக் கண்டிருப்பீர்கள். அவ்வூருக்குத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர் இருந்ததை அந்தக் கல்வெட்டுகளிலிருந்தே அறிகிறோம். நான் எடுத்துக்கொண்ட கல் அதுவன்று. நகருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில், துணி துவைப்பவர்கள் வாளி வைக்கப் பயன்படுத்தும் ஒரு பலகைக்கல். அதில் இதுவரை படிக்கப்படாத இரண்டு எழுத்துகள் இந்த முறையில் தெரிகின்றன.

வெளிநாட்டு மாநாடு ஒன்றின் மெய்நிகர் அமர்வுக்கு இந்தப் பணி ஏற்கப்பட்டிருக்கிறது. ஒரே பக்கத்தில் 10 எம்.பி.க்கு மிகாத பி.டி.எஃப். போஸ்டரும், 3 நிமிடத்துக்கும் 50 எம்.பி.க்கும் மிகாத எம்.பி.4 காணொளியும் கேட்கிறார்கள். அமர்வு நாளில் ஒரு மணி நேரம் இணைய அறையில் இருந்து, வருகிறவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அமர்வு நவம்பர் 12, அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் 2 மணி. நமக்கு அது இரவு 11:30 என்று கணக்கிட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். கோப்புகளை அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் ஏ0 அளவில் அச்சிட்டு மாட்டிய போஸ்டர் கைவசம் உள்ளது. அதையே பி.டி.எஃப். ஆக்கினால் போதும் என்றார் என் நெறியாளர். ஆக்கிப் பார்த்தேன், மடிக்கணினியில் தலைப்பைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. அதிலுள்ளதைப் படித்துப் பதிவு செய்த காணொளி 5 நிமிடம் 40 நொடி ஓடுகிறது. போதாக்குறைக்கு, இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்புச் செயலியில் ஒட்டிய தமிழ் வரிகளில் ‘கொ’ என்னும் எழுத்தின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. அறிஞர்கள் பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு தமிழைக் காட்ட மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: மடிவாளா மைனா

வணக்கம். நான் உயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். கல்வெட்டு எனக்குத் தெரியாது. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு ஆண்டுகளாக இந்தத் திரைப் போஸ்டர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்; அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பழைய போஸ்டரைச் சுருக்காதீர்கள். ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஏ0 தாள் 841க்கு 1189 மில்லிமீட்டர். அதைப் படுக்கைவாக்கில் வைத்தால் உயரம் ஏறத்தாழ 2384 புள்ளிகள் (எழுத்தின் அளவைக் குறிக்கும் ‘பாயிண்ட்’ அலகு) வரும். அதை 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் முழுதாகக் காட்டினால், தாளில் தாராளமாகத் தெரிந்த 24 புள்ளி எழுத்து 11 பிக்சலுக்குள் சுருங்கிவிடுகிறது. 768 பிக்சல் உயரத் திரை என்றால் எட்டைக்கூடத் தொடாது. உலாவியின் மேல்பட்டையும் மாநாட்டுத் தளத்தின் பொத்தான்களும் பிடித்துக்கொள்ளும் இடத்தை இதில் நான் கழிக்கவே இல்லை. மாறாக, பவர்பாயிண்டின் வழக்கமான 16க்கு 9 பக்கத்தின் உயரம் 540 புள்ளிகள்தான். அதில் 18 புள்ளியில் எழுதினாலே அதே 1080 பிக்சல் திரையில் 36 பிக்சல் கிடைக்கும். ஆகவே வெற்றுப் பக்கத்தில், 16க்கு 9 விகிதத்தில் தொடங்குங்கள். 16 புள்ளிக்குக் கீழே எதையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு எழுதலாம் என்பதை அந்தப் பக்கமே தீர்மானித்துவிடும்.

அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அரங்கில் மாட்டிய போஸ்டரின் முன் ஒருவர் நின்றுவிட்டால், பக்கத்தில் நாம் சிரித்துக்கொண்டு நிற்கும்போது சட்டென்று நகர்ந்து போக அவருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் நமக்கு இரண்டு நிமிடம் சம்பாதித்துக் கொடுக்கும். திரையில் அது கிடையாது. தாவலை மூடுவதற்கு யாரிடமும் முகம் பார்க்க வேண்டியதில்லை. எனவே நீங்கள் பேசாமலே, உங்கள் போஸ்டர் முதல் சில நொடிகளில் ‘இங்கே என்ன கண்டுபிடிக்கப்பட்டது’ என்பதைச் சொல்லியாக வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மோரிசன் 2019இல் முன்வைத்த வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள்: முக்கிய முடிவை ஒரே வாக்கியமாக நடுவில் பெரிதாக எழுதி, விவரங்களை ஓரப் பத்திகளில் ஒதுக்கி, க்யூஆர் குறி ஒன்றை வைப்பது. அதை அப்படியே எடுக்க வேண்டும் என்பதில்லை. திரையில் பார்ப்பவருக்குக் க்யூஆர் குறியைவிடச் சொடுக்கக்கூடிய இணைப்பே வசதி. ஆனால் நடுவில் ஒரு முழு வாக்கியம் என்ற எண்ணம் திரைக்குத்தான் மிகவும் பொருந்துகிறது. ‘ஒரு கல்வெட்டின் எண்ணிமப் பகுப்பாய்வு’ என்பது வாக்கியமே அன்று. ‘பக்கவாட்டு வெளிச்சத்தில் ஐந்தாம் வரியின் இரண்டு எழுத்துகள் படிக்கக் கிடைக்கின்றன’ என்பது வாக்கியம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கல்லின் மேடுபள்ளங்களை வானவில் நிறங்களில் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் பார்வையாளர்களில் நிச்சயம் இருப்பார்கள். மேலும், வானவில் வரிசை இல்லாத விளிம்புகளை இருப்பதுபோலக் காட்டும். வரைபடங்கள் வரைய உதவும் மேட்பிளாட்லிப் மென்பொருள் தன் இயல்புநிலை வண்ண வரிசையைப் பதிப்பு 2.0இல், 2017இல், விரிடிஸ் என்னும் வரிசைக்கு மாற்றியதற்கு இவையெல்லாம் காரணம். உங்கள் கல்லுக்குச் சாம்பல் நிறமே போதும் என்று நினைக்கிறேன்.

பவர்பாயிண்டில் செய்வதாக இருந்தால், கோப்பைச் சேமிக்கும்போது படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற தேர்வை அமைப்புகளில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது தானாகவே படங்களின் நுணுக்கத்தைக் குறைத்துவிடும். நீங்கள் வெயிலில் நின்று எடுத்த எழுத்தோரங்கள் மழுங்கிப்போகும். 10 எம்.பி. என்பது ஒரே பக்கத்துக்குத் தாராளமான அளவுதான். ஒளிப்படங்களை ஜேபெக்காகவும் கோட்டுப்படங்களைப் பெரிதாக்கினாலும் மங்காத திசையன் (வெக்டர்) வடிவத்திலும் வைத்தால் எளிதில் அடங்கும்.

மறுமொழி 2
எழுதியவர்: கல்லும் சொல்லும்

மைனா அம்மையார் சொன்ன அளவுக் கணக்கை ஏற்கிறேன். நடுவில் பெரிய வாக்கியம் வைப்பதை இந்தத் துறைக்கு நான் ஏற்க மாட்டேன். மருந்து வேலை செய்தது, செய்யவில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். கல்வெட்டில் சான்றே கல்தான். ‘இரண்டு எழுத்து படித்தேன்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, கல்லின் படத்தை மூலையில் தபால்தலை அளவில் வைத்தால், துறை சார்ந்த எவரும் அதை நம்ப மாட்டார்கள். நடுவில் கல் இருக்க வேண்டும்; வாக்கியம் அதன் தலைமேல் ஒற்றை வரியாக இருக்கட்டும்.

அந்தப் படத்தையும் மூன்றாகக் காட்டுங்கள். உச்சி வெயிலில் எடுத்த சாதாரணப் படம், அதே அளவில் அதே கோணத்தில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், அதன்மேல் நீங்கள் எழுத்துகளைக் கோடிட்டு வரைந்த படம். மூன்றாவதை மட்டும் காட்டுவது தவறு. நீங்கள் கோடு போட்ட பிறகு பார்ப்பவர் கண்ணுக்கும் அந்த எழுத்தே தெரியும். கோடு போடாத படத்தில் அவர் தாமே தேடிப் பார்த்து ‘ஆம்’ என்று சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். கல்லின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுத்த காலத்திலிருந்தே இதுதான் நேர்மையான வழக்கம். படத்தில் ஓர் அளவுகோலும் இருக்கட்டும்.

அடுத்தது எழுத்துப்பெயர்ப்பு. இடைக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்தின்மேல் புள்ளி இராது. கொம்பைப் பார்த்துக் குறிலா நெடிலா என்று சொல்லவும் முடியாது. கல்லில் உள்ளதை அப்படியே தருகிறீர்களா, புள்ளியிட்டுத் திருத்திய வாசகத்தைத் தருகிறீர்களா என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சதுர அடைப்புக்கும் அப்படியே. 1931இல் லெய்டன் நகரில் வகுக்கப்பட்ட முறையைப் பின்பற்றும் ஐரோப்பியப் பார்வையாளருக்குச் சதுர அடைப்பு என்றால் கல்லில் அழிந்து, பதிப்பாளர் நிரப்பிய எழுத்து. நம் நாட்டுப் பதிப்புகளில் சிதைந்து ஐயத்துடன் படித்த எழுத்துக்கும் அதே அடைப்பைப் போடுகிறோம். உங்கள் கண்டுபிடிப்பே இரண்டு எழுத்துகள்தான். அவற்றுக்கு மேல் நிற்கும் குறி என்ன பொருள் தருகிறது என்பதில் குழப்பம் வந்தால் பின் என்ன மிஞ்சும்?

முந்தைய பதிப்பையும் சொல்ல மறக்காதீர்கள். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் தொகுத்த எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி 1905இல் வந்தது. உங்கள் கல் அதில் இருந்தால் எண்ணைக் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதே ஒரு செய்தி.

கொம்பு இடம் மாறும் சிக்கல் எளிதில் தீரும். இன்டிசைனில் பத்தி அமைப்புப் பலகத்தின் பட்டியலைத் திறந்தால், எழுத்துகளை வரியாக அடுக்கும் கோர்ப்பான் (கம்போசர்) இரண்டு வகையாக, ஆங்கிலத்துக்கு ஒன்றும் உலக மொழிகளுக்கு ஒன்றும் தனித்தனியே இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலைச் செயலியில் இந்தத் தொல்லையே இல்லை. உங்கள் கல்லில் கிரந்த எழுத்துகள் கலந்திருந்தால், 2014இல் வந்த யூனிகோடு 7.0 முதல் கிரந்தத்துக்குத் தனி இடம் உண்டு. கூகுளின் நோட்டோ வரிசையில் எழுத்துருவும் கிடைக்கிறது. அனுப்புவதற்கு முன் அந்தப் பி.டி.எஃப்.பைத் தமிழ் எழுத்துரு ஏதும் நிறுவாத வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். பயத்தில் எல்லா எழுத்தையும் உருவரைகளாக மாற்றிவிடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் எழுத்து சிதையாது, உண்மைதான். ஆனால் தேடினால் அகப்படாது, பார்வையற்றவர்களின் திரைபடிப்பான் செயலிக்கு அது வெறும் படம். தமிழ் வரிகளுக்கு மட்டும் அப்படிச் செய்து, வாசகத்தைத் தனிக் கோப்பாக இணைப்பில் தாருங்கள்.

மறுமொழி 3
எழுதியவர்: ஒலிப்பெட்டி

போஸ்டரைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். காணொளியைப் பற்றி நான் சொல்கிறேன். கல்லூரிகளுக்குப் பாடக் காணொளி தயாரித்துத் தருவது என் தொழில்.

ஐந்து நிமிடம் நாற்பது நொடியை மூன்று நிமிடமாக வெட்டும் வேலையில் இறங்காதீர்கள். போஸ்டரை வாசித்த காணொளி என்பதே அதன் குறை. நீளம் அடுத்த குறை. படிக்கத் தெரிந்தவரிடம் படித்துக் காட்டுவதால் என்ன பயன்? போஸ்டரால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத ஒன்று உங்கள் ஆய்வில் இருக்கிறது: வெளிச்சம் நகர்வது. அதை விட்டுவிட்டு, ‘பின்னணி, நோக்கம், முறை’ என்று பட்டியலை வாசித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இணைத்த படங்களைக் காட்டும் ஆர்.டி.ஐ. வியூவர் செயலியில் கல்லைத் திறந்து, சுட்டியால் வெளிச்சத்தை இடப்பக்கத்திலிருந்து மெல்ல இழுத்து, அதை ஓபிஎஸ் செயலியில் திரைப்பதிவு செய்யுங்கள். காணொளியின் முதல் பத்து நொடி அதுவாக இருக்கட்டும், பேச்சே வேண்டாம். வெறும் கல்லாக இருந்த இடத்தில் எழுத்து எழும்பி வருவதைப் பார்த்தவர் மீதி இரண்டேமுக்கால் நிமிடமும் உட்கார்ந்திருப்பார். அதன் பிறகு உங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்.

உரையை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120, 130 சொற்கள் போகும். பேசாத நொடிகளைக் கழித்துவிட்டால் உங்கள் எழுத்துப்படி 330 சொற்களைத் தாண்டக் கூடாது. மூன்று நிமிடம் மிகக் குறைவு என்று தோன்றினால், மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி பிறந்த கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. அப்போது அங்கே கடும் வறட்சி. குளிக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த வீடுகளில் குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணற்கடிகாரம் மாட்டியிருந்தார்கள். அதைக் கண்டு வந்த யோசனைதான் அது என்கிறார்கள். 2024 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நமக்கு மூன்று நிமிடத்தில் எவ்வளவு முடியும் என்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கரகரத்தால் மூடிவிடுவார்கள். விலையுயர்ந்த ஒலிவாங்கி தேவையில்லை. கைப்பேசியோடு வந்த கம்பி இயர்போனின் ஒலிவாங்கி போதும், சட்டைக் காலரில் உரசாதபடி பொருத்திக்கொண்டால் சரி. மின்விசிறியை நிறுத்துங்கள். சுவர்கள் வெறுமையாக உள்ள அறையில் எதிரொலி கேட்கும். புடவை அடுக்கிய பீரோவைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பேசினால் ஒலி அடங்கி வரும். சிரிக்காதீர்கள், என் முதல் இருபது பதிவுகள் அப்படித்தான் நடந்தன. அல்சூரில் ஆட்டோ ஹாரனும் தள்ளுவண்டிக் குரலும் ஓயும் நேரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் குக்கர் விசில் நேரமும் உங்களுக்கே தெரியும். பேசத் தொடங்குமுன் ஐந்து நொடி சும்மா இருந்து அந்த அமைதியையும் பதிவு செய்தால், ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்புச் செயலியில் இரைச்சலை நீக்குவதற்கு மாதிரியாக அது உதவும்.

கோப்பின் அளவு. 50 எம்.பி. என்பது 400 மெகாபிட். 180 நொடிக்குப் பகிர்ந்தால் நொடிக்கு 2.2 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்குக் கொஞ்சம் ஒதுக்கி, காணொளியைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் செயலியில் படத்துக்கு 1.9 மெகாபிட் என்று சராசரியாகக் குறிப்பிட்டு, இருமுறை ஓடவிடும் தேர்வோடு ஹெச்.264 என்னும் சுருக்க வடிவத்துக்கு மாற்றுங்கள். அசையாத ஸ்லைடுகளுக்கு இது தாராளம். ஆனால் உங்கள் வெளிச்சம் நகரும் காட்சியில் கல்லின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு சட்டத்திலும் (ஃப்ரேமிலும்) நிறம் மாறுமாகையால், அந்த இடத்தில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடையக்கூடும். வெளிச்சத்தை மெதுவாக நகர்த்துங்கள். கல்லைத் திரை முழுவதும் விரிக்காமல் சுற்றிலும் கறுப்பு விட்டுவைத்தால் உடைசல் குறையும். ஓபிஎஸ்ஸில் பதிவை எம்.கே.வி.யாக வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும், எம்.பி.4 என்றால் முழுக் கோப்பும் திறக்காமல் போகலாம். முடித்தபின் அதே செயலியில் எம்.பி.4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

துணைவரிகள் கட்டாயம் போடுங்கள். தானியங்கித் துணைவரி நம் ஊர்ப்பெயர்களை என்ன பாடு படுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. தேசிமாணிக்கப்பட்டணத்தை ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அது தரும் எஸ்.ஆர்.டி. என்னும் துணைவரிக் கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்து, நீங்களே ஒவ்வொரு வரியாகத் திருத்துங்கள். ஊர்ப்பெயர் வரும்போது பேச்சை நிதானப்படுத்தி, அதே பெயரைத் திரையிலும் எழுதிக் காட்டினால் உச்சரிப்பைப் பற்றிய அச்சம் தேவையில்லை.

அல்சூர் ஆய்வாளர்:

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். கோர்ப்பானை மாற்றியதும் கொம்பு ஒழுங்காக நின்றுவிட்டது. போஸ்டரை 16க்கு 9 விகிதத்தில் புதிதாகச் செய்தேன். வாக்கியமா, கல்லா என்ற வழக்கில், கல்லை நடுவில் வைத்து வாக்கியத்தை மேலே ஏற்றினேன். மைனா அம்மா மன்னிக்க வேண்டும். கல்வெட்டே தெரியாத என் தங்கையிடம் காட்டி, போஸ்டரை மூடிவிட்டு, என்ன பார்த்தாய் என்று கேட்டேன். ‘வெளிச்சம் சாய்ந்தால் எழுத்து தெரிகிறது’ என்றாள். அந்த இரண்டு எழுத்துகள் எங்கே என்று கேட்டேன், காட்டத் தெரியவில்லை. கோடிட்ட படத்தில் எல்லா எழுத்துகளையும் ஒரே தடிப்பில் வரைந்திருந்தேன். இப்போது பழைய எழுத்துகளை மெல்லிய கோட்டிலும் புதிய இரண்டை மட்டும் தடித்த கோட்டிலும் வரைந்திருக்கிறேன்.

காணொளியின் முதல் பத்து நொடிக்கு எழுத்து எழும்பும் காட்சியை வைத்துவிட்டேன். நெறியாளர் பார்த்துவிட்டு, ‘தலைப்பும் நிறுவனப் பெயரும் முதலில் வர வேண்டாமா’ என்று ஒரு முறை கேட்டார், பிறகு இன்னொரு முறை ஓடவிடச் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அமர்வு நாளில் என்னென்ன முன்னேற்பாடு தேவை என்று யாரேனும் சொல்ல முடியுமா?

மறுமொழி 4
எழுதியவர்: இந்திராநகர் இரவாடி

முதலில் உங்கள் நேரக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நவம்பரின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அக்டோபரில் அவர்களுடைய பிற்பகல் 2 மணி நமக்கு இரவு 11:30தான். நவம்பர் 12 அன்று அது நள்ளிரவைத் தாண்டி 12:30 ஆகிவிடும். நம் நாட்காட்டியில் தேதியும் 13 ஆகிவிடும். மாநாட்டு நேரத்தை உலகப் பொது நேரமாக, அதாவது 19:00 என்று, குறித்துக்கொண்டு அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டுவதே பிழையில்லாத வழி. அமெரிக்க நிறுவனத்துக்கு இரவுப்பணி பார்க்கும் நம் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு மணி நேரம் தந்த அடியைப் பற்றிச் சொல்வார். நான் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் ஆளில்லாத அறையில் உட்கார்ந்ததோடு தப்பித்தேன். என் நண்பர் ஒருவர் அமர்வு முடிந்தபின் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் கூட்டம் வராது. ஒருவர் வருவார், அரை நிமிடம் பேசாமல் இருப்பார். ‘முழுவதும் விளக்கட்டுமா’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போட்டுக் காட்டட்டுமா, வேறு பக்கம் வேண்டுமா’ என்று கேளுங்கள். வியூவரைத் திறந்து தயாராக வைத்திருந்து, அவர் சொல்லும் திசையில் அவர் கண்ணெதிரே வெளிச்சத்தைத் திருப்பினால், நேரில் போஸ்டர் மாட்டியவர்களுக்கும் கிடைக்காத வசதி அது. வந்தவர்களின் பெயரையும் கேள்வியையும் உரையாடல் பெட்டியிலிருந்து அப்போதைக்கப்போது படியெடுத்துக்கொள்ளுங்கள். அறை மூடியதும் பல தளங்களில் அவை மறைந்துவிடும்.

வைஃபை ரௌட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். கைப்பேசியில் டேட்டா இருக்கிறதா என்று மாலையிலேயே பாருங்கள்.

யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கைப்பேசியிலோ இருப்பிடம் குறிக்கும் கேமராவிலோ எடுத்த படக்கோப்புக்குள் அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை ஒட்டிக்கொண்டிருக்கும். கல்வெட்டுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பிக் கல்லைப் பெயர்ப்பவர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் கல் காவலில்லாத ஏரிக்கரையில் கிடக்கிறது என்கிறீர்கள். இணைப்பில் தரும் மூலப் படங்களிலிருந்து அந்த விவரத்தை நீக்குங்கள். போஸ்டரின் நிலப்படத்திலும் வட்டத்தின் (தாலுகாவின்) பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படமெடுக்கத் தொல்லியல் துறையிடமோ ஊராரிடமோ பெற்ற அனுமதி இணையத்தில் வெளியிடுவதற்கும் சேர்த்துத்தானா என்றும் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு வேண்டுமானால், ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஜெனோடோ என்னும் இணையச் சேமிப்பகத்தில் போஸ்டரையும் காணொளியையும் ஏற்றி, மேற்கோளுக்கான நிலையான டிஓஐ அடையாள எண் பெறலாம். மாநாட்டுத் தளம் சில மாதங்களில் மூடப்பட்டாலும் மேற்கோள் காட்ட அது இருக்கும். ஆனால் அங்கே வெளியிட்டதைப் பின்னால் நினைத்தபடி அழிக்க முடியாது. புதிய பதிப்புதான் சேர்க்கலாம். ஆகவே இரண்டு எழுத்துகளில் ஒன்றில் உங்களுக்கே ஐயம் இருந்தால், அமர்வில் பிறர் சொல்வதைக் கேட்டபின் ஏற்றுங்கள்.

கல்லும் சொல்லும்:

இரவாடி ஐயா சொன்ன கடைசிச் செய்தியை நானும் வலியுறுத்துகிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும்: வட்டத்தின் பெயரோடு நிறுத்தினாலும், ஆய்வாளர் யாரேனும் தனியாகக் கேட்டால் இருப்பிடம் தரப்படும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். சரிபார்க்கவே வழியில்லாத வாசிப்பு என்ற குறை வரக் கூடாது.

அல்சூர் ஆய்வாளர்:

நாட்காட்டியில் 13ஆம் தேதி 12:30 என்று மாற்றிவிட்டேன். இந்த ஒன்றுக்காகவே இங்கே கேட்டது வீண்போகவில்லை. மூலப் படங்களைத் திறந்து பார்த்தேன். ஏரியின் எந்தக் கரை என்பது வரை அவற்றில் இருந்தது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். காணொளி 2 நிமிடம் 51 நொடி, 44 எம்.பி. ஒலிப்பெட்டி ஐயா சொன்ன பீரோ உத்தி பலித்தது, ஆனால் மூன்றாவது முயற்சியில்தான். முதல் இரண்டிலும் கீழ்வீட்டுக் குக்கர் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. துணைவரியில் தொம்பலூரை நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுதியிருந்தது, அதையும் திருத்தியாயிற்று. இரண்டாவது எழுத்தில் எனக்குச் சிறிது ஐயம் இருப்பது உண்மைதான். அதற்கு மட்டும் சதுர அடைப்பிட்டு, அடைப்புக்கு என்ன பொருள் என்பதைக் கீழே ஒரு வரியில் எழுதி, இன்று காலை கோப்புகளை அனுப்பிவிட்டேன்.